முயலின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள் முற்பகலில், எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஓர் அம்மையார், பிரம்புக் கூடையொன்றில் வெள்ளை முயலை உட்கார வைத்து, மேலே ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "நாலு நாளாகச் சரியாகத் தின்ன மாட்டேன் என்கிறது, ஐயா, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்றார். கண் தெளிவாக இருந்தது. மூக்கில் சளி இல்லை. காதுக்குள் சொறியும் இல்லை. மடியில் வைத்துப் பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தபோதுதான், குதிகாலில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு ரோமமெல்லாம் உதிர்ந்து, தோல் செக்கச்செவேலென்று சிவந்து, நடுவே கறுத்த பொருக்குக் கட்டியிருந்தது தெரிந்தது. இரண்டு காலிலும் அப்படியே. "இதை நீங்கள் பார்க்கவே இல்லையா, அம்மா?" என்று கேட்டேன். "முயலுடைய உள்ளங்காலை யார் ஐயா திருப்பிப் பார்ப்பார்கள்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் வைத்தியன் அல்லன். இருபது வருஷமாக முயல் வளர்த்து வருகிறவன் என்ற ஒரே காரணத்தால், அக்கம்பக்கத்தார் தங்கள் முயல்களை என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் மாறி ஒருவர் வந்தாலும் கதை மட்டும் மாறுவதில்லை. முதல் வாரத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவார்கள். இரண்டாம் வாரத்தில் யாரோ அது சொறி என்று சொல்லக் கேட்டு, வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைத் தடவுவார்கள். மூன்றாம் வாரத்தில் தெருமுனை மருந்துக் கடையில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துக் குப்பியை வாங்கி வாயில் ஊற்றுவார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்தப் பிராணியைப் பழையபடி அதே கம்பிக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். புண்ணை உண்டாக்கியது எதுவோ அதன்மேலேயே புண்ணை வைத்துவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று மருந்தின்மேல் குறை சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தின் அடியில் மெத்தைபோன்ற தடித்த சதைப்பற்று உண்டு. முயலுக்கு அது கிடையாது. இயற்கை அதற்குக் கொடுத்த பாதரட்சை, மெல்லிய தோலின்மேல் அடர்ந்து வளர்ந்த ரோமம் ஒன்றுதான். மண்ணிலும் புல்லிலும் வாழ்கிற வரையில் அதுவே போதுமானது. ஏனென்றால் நகங்கள் மண்ணுக்குள் இறங்க, உடலின் பாரம் விரல்களுக்கும் பாதம் முழுமைக்கும் பரவலாகப் பங்கிடப்படுகிறது. நகம் இறங்க இடமில்லாத வன்தரையிலோ, பாரம் பின்னுக்குச் சாய்ந்து குதிகால் எலும்பின் முனையில் வந்து தங்குகிறது. எலும்புக்கும் தரைக்கும் நடுவே நசுங்குகிற அந்தக் காசளவு தோலில் ரத்த ஓட்டம் குன்றி, நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியின் முதுகில் புண் தோன்றுவதைப் போலவே, இங்கும் முதலில் ரோமம் உதிர்ந்து, பிறகு தோல் சிவந்து, பிறகு வெடித்துப் புண்ணாகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் முதலிய கிருமிகள் அந்த வெடிப்பின் வழியாகப் புகுந்தால் சீழ் கட்டும். சீழ் எலும்புக்கும் தசைநாருக்கும் இறங்கிவிட்டால் வைத்தியரும் பெரிய நம்பிக்கை கொடுக்க மாட்டார். உடல் கனத்த முயலுக்கும், நகம் வளர்ந்து பாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் முயலுக்கும், நாள் முழுதும் அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் முயலுக்கும் இது சீக்கிரம் வரும். வெல்வெட்டுத் துணிபோல் குட்டை ரோமம் கொண்ட ரெக்ஸ் இனத்துக்கு உள்ளங்கால் ரோமமும் சொற்பமாதலால், அதை வளர்ப்பவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கம்பிக் கூண்டு வீட்டுக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். இறைச்சிக்காக முயல் வளர்க்கும் பண்ணைகளில், புழுக்கையும் மூத்திரமும் தாமாகக் கீழே விழுந்துவிட வேண்டும் என்பதற்காக வெல்டு மெஷ் என்னும் கம்பி வலையை அடித்தளமாக வைத்தார்கள். பண்ணை முயலுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்தில் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதன் பாதம் புண்ணாவதற்கு அவகாசமே இல்லை. வீட்டில் செல்லமாக வளரும் முயலோ எட்டுப் பத்து வருஷம் உயிர்வாழக் கூடியது. மூன்று மாதத்துக்கென்று கட்டிய கூண்டில் பத்து வருஷம் வாழச் சொல்லுகிறோம். அதுவும் போதாதென்று, கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் செய்த கூண்டையே முயலுக்கும் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். "சுத்தம் செய்யச் சுலபம், சார்" என்பார்கள். யாருக்குச் சுலபம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கம்பியை எடுத்துவிட்டோம், வீட்டுக்குள் தாராளமாக விட்டு வளர்க்கிறோம், எங்கள் முயலுக்கு இந்த வியாதி வராது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுத் தரை டைல்ஸாகவோ கிரானைட்டாகவோ இருக்கும். வழவழப்பான அந்தத் தரையில் நகம் ஊன்ற முடியாமல், வழுக்கி விழாதிருப்பதற்காகக் குதிகாலை அழுத்தி நடக்கிற முயலுக்குக் கம்பி செய்கிற வேலையையே டைல்ஸும் செய்துவிடும். சற்றுத் தாமதமாகச் செய்யும், அவ்வளவுதான்.

ஆகவே தரையைப் பற்றித்தான் முதலில் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். கூண்டின் அடியில் கம்பி வலை இருந்து, உடனே மாற்ற வசதியில்லையென்றால், வர்ணமும் வார்னிஷும் பூசாத மரப்பலகை ஒன்றை, முயல் நான்கு காலையும் நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலமாக அறுத்து, ஆடாதபடி வலையின்மேல் பொருத்துங்கள். பலகை கம்பியைவிட உத்தமம். ஆனால் பலகை மாத்திரம் மெத்தை ஆகாது. அதன்மேல் பழைய பருத்தி வேஷ்டியையோ போர்வையையோ நாலாக மடித்து விரித்து, அதற்கும் மேலே நன்றாகக் காய்ந்த வைக்கோலை மூன்று விரற்கடைக் கனத்துக்குக் குறையாமல் பரப்புங்கள். வைக்கோல் கிடைக்காத பட்டணவாசிகள் கோரைப்பாயை வாங்கி வெட்டிப் போடலாம். முயல் அதைக் கடித்துத் தின்றாலும் கேடில்லை. ஆனால் ஓரத்தில் பிளாஸ்டிக் நூலோ நாடாவோ வைத்துத் தைத்திருந்தால் அதைப் பிரித்து எறிந்துவிட வேண்டும். பாயும் மெல்லியதே ஆகையால் அடியில் துணி மடிப்பு அவசியம். போட்ட விரிப்பு போதுமா என்று அறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. அதன்மேல் உங்கள் முழங்காலை ஊன்றிச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். பலகையின் கடினம் உங்கள் எலும்புக்குத் தட்டுப்பட்டால், முயலின் எலும்புக்கும் தட்டுப்படும். இன்னும் கொஞ்சம் வைக்கோல் போடுங்கள்.

மென்மையைப் போலவே முக்கியமானது உலர்வு. மூத்திரத்தில் நனைந்த மெத்தை, கம்பியைவிடக் கொடியது. ஈரத்தில் ஊறிய தோல் இரண்டே நாளில் வெந்துவிடும். முயல் இயல்பாகவே ஏதேனும் ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு அங்கேயே மூத்திரம் பெய்யும் வழக்கமுடையது. அந்த மூலையில் தாழ்ந்த விளிம்புள்ள பிளாஸ்டிக் தாம்பாளம் ஒன்றை வைத்து, அதற்குள் வைக்கோல் நிரப்பி, காலையிலும் மாலையிலும் மாற்றுங்கள். முயலின் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இருப்பதால் தாம்பாளத்தில் வெள்ளையாகப் படிந்து கெட்டிப்படும். வினிகரைக் கொஞ்சம் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். ஃபினாயில் ஊற்றாதீர்கள். துணி விரிப்பில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, ஒன்று வெயிலில் காயும்போது மற்றொன்று கூண்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வது நலம். ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழையில் துணியும் காயாது, வைக்கோலும் பூஞ்சணம் பிடிக்கும். அந்த இரண்டு மாதத்துக்குத் தேவையான வைக்கோலைப் புரட்டாசிக்குள் வாங்கி உலர்ந்த இடத்தில் கட்டி வையுங்கள்.

நல்லது என்று எண்ணி ஜனங்கள் போடுகிற சில விரிப்புகள் நல்லவை அல்ல. தேங்காய்நார் மிதியடி மென்மையாகத் தோன்றினாலும் முள்போல் ரோமத்தை அரித்துவிடும். நைலான் கம்பளம் உராய்ந்து உராய்ந்து தோலைச் சுட்டதுபோல் ஆக்கும். டர்க்கித் துண்டின் நூல் வளையத்தில் நகம் மாட்டி, முயல் திமிறும்போது நகமே பிய்ந்துவிடுவதுண்டு. குழந்தைகள் விளையாடுவதற்கென்று விற்கும் வண்ண வண்ண நுரை விரிப்பைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாளை மட்டும் விரிப்பது வழுக்கும், ஈரத்தையும் தாங்காது. மரத்தூளும் உமியும் தூசி பறந்து மூச்சுக்குக் கெடுதி. இத்தனைக்கும் மேலாக மாடியிலோ முற்றத்திலோ அகன்ற தொட்டி ஒன்றில் மண்ணை நிரப்பி, நாளுக்கு இரண்டு மணி நேரம் அதில் தோண்டி விளையாட விடுவீர்களானால், நான் சொன்ன விரிப்புகள் அனைத்தையும்விட அதுவே சிலாக்கியம்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. முயலுக்கு உஷ்ணம் ஆகாது. முப்பது டிகிரியைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். அதற்கு மனிதரைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வழி இல்லை. இதை அறிந்தவர்கள் சித்திரை வெயிலில் கோணிச் சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் முயலை உட்கார வைக்கிறார்கள். எண்ணம் நல்லது, விளைவு விபரீதம். நாள் முழுதும் ஈரச் சாக்கின்மேல் இருக்கும் முயலின் பாதம் என்ன கதியாகும் என்பதை அந்த அம்மையாரின் கூடையிலேயே கண்டேன். குளிர்ச்சி தர விரும்புகிறவர்கள் சாக்கை நனைத்துக் கூண்டின் பக்கத்திலும் மேலேயும் காற்றோட்டமாகத் தொங்கவிடலாம். குளிர்பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வைக்கலாம். ஒரு பகுதியில் வெறுந்தரையும் இருக்கட்டும், வேண்டும்போது அது போய்ப் படுத்துக்கொள்ளும். காலுக்குக் கீழே ஈரம் வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன்: காலுக்குக் கீழே ஈரம் வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பாதத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது மகா பாதகம். ஒரு கை மார்புக்கு அடியிலும், ஒரு கை பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்து எடுத்து, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு பிடித்தால், அது உதைத்துத் திமிறுகிற வேகத்தில் கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்துபோகும். ஒருவர் பிடிக்க, மற்றொருவர் பார்ப்பது உசிதம். வயதுவந்த முயலின் குதிகாலில், சுற்றிலும் ரோமம் மூடியிருக்க, நடுவில் சிறிதாக, உலர்ந்து, வெளிறிய தோல் தெரிந்தால் அதற்காகக் கலவரப்பட வேண்டியதில்லை. விரிப்பைக் கெட்டியாக்கினால் போதும். அந்த இடம் வாரத்துக்கு வாரம் பெரிதாவது, சிவப்பது, தொட்டால் சுடுவது, கசிவது, பொருக்குக் கட்டுவது ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும். கால் மாற்றி மாற்றி வைப்பது, பற்களை நறநறவென்று கடிப்பது, குனிந்து ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பது எல்லாம் வலியின் குறிகள். வேட்டையாடப்படும் ஜீவனாகப் பிறந்ததால் முயல் வலியை மறைக்கும். அது வலியைக் காட்டத் தொடங்கிவிட்டது என்றால் வெகுநாளாகவே வலித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அரை நாளுக்கு மேல் தீனியைத் தொடவில்லையென்றாலோ புழுக்கை போடவில்லையென்றாலோ, காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். குடல் இயக்கம் நின்றுபோகும், அதிலேயே உயிர் போய்விடும்.

சொறியையும் பாதப் புண்ணையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சொறி உண்ணியால் வருவது; மூக்கு நுனி, காதோரம், நகக்கண் ஆகிய இடங்களில் சாம்பல் நிறத்தில் பொருக்கு ஏறும்; அரிக்கும்; மற்ற முயல்களுக்கும் ஒட்டும். பாதப் புண் குதிகாலில் தொடங்கும், ஒட்டாது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. என்ஜின் ஆயில் இரண்டுக்குமே சிகிச்சை அன்று. முயல் தன் காலைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும் பிராணி என்பதை மறந்துவிடாதீர்கள். காலில் தடவுவது எதுவும் வயிற்றுக்குப் போகும்.

இப்போது நான் மிகவும் அஞ்சுகிற விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் முதலிய மருந்துகளை முயலின் வாய்வழியாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். மனிதக் குழந்தைக்கு உயிர்காக்கும் அந்த ஔஷதம், முயலின் குடலில் தீனியைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களைக் கொன்று, நச்சுக் கிருமிகள் பெருக இடங்கொடுத்து, பேதி கண்டு சில நாளில் சாகும்படி செய்துவிடும். கிளிண்டாமைசினும் லின்கோமைசினும் அப்படியே. வைத்தியர் யோசித்து எந்த மருந்தை ஊசியாகப் போடுகிறார் என்பது வேறு விஷயம்; நாமாக வாயில் ஊற்றுவது வேறு விஷயம். போன வருஷம் என் சிநேகிதர் ஒருவரின் பேரன் வளர்த்த முயல், பாதப் புண்ணால் சாகவில்லை. தாத்தா அன்போடு ஊற்றிய இரண்டு வேளை மருந்தால் செத்தது. நாய்க்குத் தெள்ளுக்காகத் தெளிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். அமாக்சிசிலின் வாயில் வேண்டாம் என்று இந்தத் தாளைக் கத்தரித்துக் கூண்டின்மேல் ஒட்டிவைத்தாலும் எனக்குச் சம்மதமே.

வைத்தியரிடம் போவதென்றால் எங்கே போவது? பெரும்பாலான ஊர்களில் அரசாங்கக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் பன்முகக் கால்நடை மருத்துவமனை உண்டு. சென்னையில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. கிராமத்து மருந்தகத்தில் மாடும் ஆடும் கோழியும் வரிசையில் நிற்கும்போது முயலைத் தூக்கிக்கொண்டு போனால் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சீட்டுப் பதியாமல் திரும்பி வராதீர்கள். போகும்போது வைக்கோல் பரப்பிய அட்டைப் பெட்டியில் வைத்து, வெயிலுக்கு முன் காலையில் கொண்டுபோங்கள். பட்டினி போட்டுக் கொண்டுபோகக் கூடாது. முயல் வாந்தியெடுக்காது, பட்டினியும் தாங்காது. கூண்டின் தரையைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதுவரை என்னென்ன பூசினீர்கள், என்னென்ன புகட்டினீர்கள் என்பதை வெட்கப்படாமல் எழுதிக் கொடுங்கள். சீழ் ஆழமாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்து எலும்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்கு மருந்து கேளுங்கள். புண்ணைக் கழுவிக் களிம்பிட்டு அனுப்பிவிட்டு வலியை மறந்துவிடுவது உண்டு. கட்டுப் போட்டால், அது எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நனைந்த கட்டு உடனே மாற்றப்பட வேண்டும், இறுகிய கட்டு காலையே அழுகச் செய்யும். கோடைக்காலத்தில் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைத்துவிடும் ஆதலால் நாளுக்கு இரண்டு முறை திறந்து பார்க்க வேண்டும் அல்லது கூண்டுக்குக் கொசுவலை கட்ட வேண்டும். ஆறுவதற்கு வாரக்கணக்கிலும் சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும். அந்தச் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக ஓர் உறையில் போட்டு வையுங்கள். அதற்குக் காரணம் உண்டு.

புண்ணோடு கூடிய முயலையே விற்கிற கடைகள் இருக்கின்றன. பால்குடி மறவாத குட்டியை "மினி முயல், இதற்குமேல் வளராது" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது நியூசிலாந்து வெள்ளையோ சோவியத் சின்சில்லாவோ ஆக வளர்ந்து நாலு கிலோவுக்கு மேல் நிற்கும். அந்தக் கனத்தைச் சிறு கூண்டின் கம்பிமேல் தாங்க வேண்டிய பொறுப்பு அதன் குதிகாலுக்கு. 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, முயலும் அந்த விதிகளுக்குட்பட்ட செல்லப்பிராணியே. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளாமல் யாரும் அத்தகைய கடை நடத்தலாகாது. ஆகவே வாங்குமுன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். வாங்கினால் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் யூ.பி.ஐ. வழியாகச் செலுத்துங்கள், அந்தப் பதிவு சாட்சியாகும். கடையிலேயே குட்டியின் நான்கு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். கடை பதிவு பெற்றதா என்று அறிய வேண்டுமானால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத் தாளில், வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும்.

கொடுமையாக அடைத்து வைத்திருப்பதைக் கண்டால் முறையிடும் வழியும் உண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், பிராணி நியாயமாக அசைய இடமில்லாத கூண்டில் அடைத்து வைப்பதைக் குற்றமென்கிறது. முதல் முறைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். ஒரு கட்டுக் கீரையின் விலைக்கும் ஒரு ஜீவனின் துன்பத்துக்கும் அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரே மதிப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். திருத்த வேண்டும் என்று சொல்லாத உத்தியோகஸ்தரும் இல்லை, திருத்தியவரும் இல்லை. இந்தக் குற்றத்துக்குப் போலீஸார் தாமாக வழக்குப் பதியும் அதிகாரமும் கிடையாது. ஒரு முறை நான் புகார் கொண்டுபோனபோது, ஓர் அலுவலகத்தில் இது போலீஸ் விஷயம் என்றார்கள். போலீஸ் நிலையத்தில் இது கால்நடைத் துறை விஷயம் என்றார்கள். கால்நடைத் துறையில் இது வாரியத்தின் விஷயம் என்றார்கள். இதற்குள் முயல் விற்றுப்போய்விட்டது.

ஆகையால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, நேரம், கடையின் பெயர், தெரு, கூண்டின் நீள அகல உயரம், அதற்குள் இருந்த முயல்களின் எண்ணிக்கை, அடித்தளம் கம்பியா பலகையா, புண் கண்ணுக்குத் தெரிந்ததா என்பவற்றை எழுதி, நாணயம் ஒன்றை அளவுக்குப் பக்கத்தில் வைத்தெடுத்த படங்களோடு, மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு ஒரு மனுவும், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு அதன் நகலும் அனுப்புங்கள். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மூன்றாவது நகலைக் கொடுத்து, மனு எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் அனுப்புவதானால், சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். காவல் நிலையத்தில் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். மிக முக்கியமானது: இந்தச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருப்பதற்கு மூன்று மாதம் என்பது மிகச் சௌகரியமான காலம் என்பதை அறிந்து, முதல் மாதத்திலேயே விரட்டத் தொடங்குங்கள்.

நோயுற்ற முயலை நலமுள்ளதென்று விற்றதால் உங்களுக்கு நஷ்டமானால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். கடை எந்த ஊரிலிருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உறையில் போட்டு வைக்கச் சொன்ன சீட்டுகள் இங்கேதான் உதவும்: வாங்கிய ரசீது, வாங்கிய சில நாளுக்குள் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தம் பதிவெண்ணோடு எழுதிக் கொடுத்த சான்று, மருந்துச் செலவுக் கணக்கு. வாங்கி மாதங்கள் கடந்தபின் வாங்குகிற சான்றைக் கொண்டு, புண் கடையிலேயே இருந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. எனவே முயலை வாங்கினால் அந்த வாரத்துக்குள் ஒரு முறை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழனியில் பிடித்தது என்று யாராவது காட்டு முயல் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பிராணி, வளர்ப்பது குற்றம். வனத்துறையாருக்குச் சொல்லி அனுப்புவதே முறை.

அந்த அம்மையாரின் முயல் பிழைத்தது. இரண்டு மாதம் கட்டு மாற்றினார்கள். வலக்காலில் ரோமம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அடுக்களைக்குப் பின்புறத் தாழ்வாரத்தில் பலகை வேலி கட்டி, பாயும் வைக்கோலும் போட்டு விட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு முயல் இப்போது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? கம்பியின்மேல் என்றால், பலகைக்குத் தச்சர் வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். அலமாரியிலிருந்து ஒரு பழைய வேஷ்டியை எடுத்து மடித்து, இன்று இரவே கூண்டுக்குள் போடுங்கள்.